தறிக்குப் பெயர் இருக்கிறது, ஊசிக்கு இல்லை

ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் ஊரின் துணிப் பெருமையைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்: பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. எல்லாமே தறியைச் சேர்ந்தவை. வீட்டில் கையூசியால் தைத்த பழைய பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

காரணம் தெரிந்ததுதான். நெசவுக்குக் கூலி உண்டு, கூட்டுறவு சங்கம் உண்டு, பில் உண்டு. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் 2005இல் கிடைத்துவிட்டது. தையலோ வேலையெல்லாம் முடிந்த பிறகு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்தது. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு, குழந்தைக்கு அடியில் கிடந்து நைந்து, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகித் தீர்ந்துபோனது. அதைச் சுவரில் மாட்டலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆகவே கொங்குப் பகுதியின் பழந்தையலைத் தேடுபவர் முதலில் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத்தான் வேண்டும். நீலகிரித் தோடர் பெண்களின் பூத்துக்குளி என்னும் போர்வைத் தையல்தான் இந்த வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த சிறந்த ஊசி வேலை. தோடர்கள் நெய்வதில்லை, துணி சமவெளியிலிருந்து போகிறது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாய் நூல் ஓடும். வரைபடம் கிடையாது, வளையச் சட்டம் கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி ஊசியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் நூலை இறுக்காமல் சிறு கண்ணியாகத் தளர விடுவார்கள். அந்தக் கண்ணிகள் துருத்தி நிற்கும் சொரசொரப்பான பக்கத்தைத்தான் தோடர்கள் முகப்பாகக் கொள்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போடுகிற நகரவாசி வழவழப்பான பக்கத்தை வெளியே காட்டி மாட்டினால் முதுகைத்தான் மாட்டியிருக்கிறார் என்று பொருள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் எழுதிய பெரிய நூலும், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றித் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலும் தோடர்களை உலகறியச் செய்தன. தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைக்க 2013 வரை ஆனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பூத்துக்குளி இறந்தவரைப் போர்த்துவதற்கும் உரியது. வரவேற்பறை அலங்காரம் என்று வாங்குகிறவர் அதையும் தெரிந்து வாங்கட்டும்.

வடக்கே தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் தையல் மறைந்துபோகும் நிலைக்கு வந்து மீண்டது. அங்கே 1993இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ரெஜி, லலிதா இணையரில் லலிதா இதில் முனைப்புக் காட்டினார். தையல் நினைவிருந்த சில மூதாட்டிகளிடம் இளம்பெண்கள் கற்றுக்கொள்ள, ‘போர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. இன்று தலையணை உறையாகவும் சுவர்த் திரையாகவும் அவர்கள் வேலை விற்பனைக்கு வருகிறது. பழம்பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய கை இன்னும் நின்றுவிடவில்லை.

தஞ்சைப் பக்கத்துத் தொம்பையையும் சேர்த்துக்கொள்ளலாம். தேரில் தொங்கும் நீள் உருளைத் துணி. யாளி, கிளி, தாமரை என்று வெட்டிய வண்ணத் துண்டுகளை மேலே வைத்துத் தைப்பார்கள். கோயில் வேலையாதலால் அதற்கென்று குடும்பங்கள் இருந்தன, தொழில் தங்கியது.

என் கவனம் நிற்பது வேறோரிடத்தில்: துணி உடுத்திய சாமி படங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் தாள்களாக வீடுவீடாகப் போனார்கள். பெண்கள் அந்தத் தாளை அப்படியே மாட்டி விடவில்லை. முகத்தையும் கைகளையும் மட்டும் விட்டுவிட்டு, புடவை இருக்குமிடத்தில் பட்டுத் துண்டை மடிப்பு வைத்துத் தைத்தார்கள். ஓரத்துக்குச் சரிகை, நகைக்குச் சம்கியும் பாசிமணியும். பம்பாயில் ஒரே மாதிரியாக அச்சான ஆயிரம் லட்சுமிகளும் இங்கே வீட்டுக்கு வீடு வேறு வேறு லட்சுமி ஆனார்கள். செட்டிநாட்டு வீடுகள் கலைந்தபோது இவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. கடைக்காரர் ரவி வர்மா பெயரைச் சொல்லி விலை சொல்வார். தைத்த பெண்ணின் பெயர் அவருக்கும் தெரியாது. அச்சு கிடைக்கும், அந்தத் தையல் இரண்டாவது கிடைக்காது. விலை எதற்கு என்று வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

நம் ஊர்க் கூடங்களில் தொங்குகிற மேட்டித் துணிப் படங்களும், ஜோடிக் கிளி, அன்னம், ‘வெல்கம்’ எல்லாம், இதே வரிசையில் வருபவைதான். சிலர் சிரிப்பார்கள். கட்டம் எண்ணித் தைத்த அந்தப் பொறுமையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வங்காளத்தில் நிலைமை சற்று மேல். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவைக் குருசதய் தத் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகமே இருக்கிறது. அங்குள்ள புகழ்பெற்ற காந்தாவில் மானதாசுந்தரி என்ற பெண், தந்தைக்காகத் தானே தைத்தது என்று ஊசியாலேயே எழுதியிருக்கிறார். கர்நாடகத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவுதி மெத்தையின் நான்கு மூலையிலும் ‘பூ’ வைக்காவிட்டால் வேலை முடிந்ததாகாது. இவற்றை ஆராயவும் காட்சிக்கு வைக்கவும் ஆட்கள் வந்தார்கள். கொங்கு வீட்டுத் தையலுக்கு வரவில்லை என்பதால் அது தாழ்ந்தது என்றாகிவிடாது.

வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் வெயில் படும் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள், சாயம் வெளுக்கும். மடித்து வைக்காதீர்கள், மடிப்பில் இழை அறும். பருத்தித் துணி சுற்றி உருளையாகச் சுருட்டி வையுங்கள். சம்கி, பாசிமணி வைத்ததைச் சுருட்டாமல் தட்டையாகவே வையுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி துணியில் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். தைத்தவர் அப்பாயியோ அம்மாயியோ, பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிப் பின்பக்கம் செருகிவையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.