மரத்தைத் தேடி வரும் சா மில்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கில், வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். பழைய பெயர் ஜின காஞ்சி. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள் ஓவியங்களாக விரிகின்றன. கோயிலுக்குள் குரா மரம் ஒன்றும் மேடை கட்டிப் போற்றப்படுகிறது.

அதே ஊரில் நெசவாளர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்புக்கோ பூவரசுக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. காற்றில் சாய்ந்தால் துண்டு போட்டு விறகுக்கு எடை போடுகிறார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வட தமிழகத்தின் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை அழித்தபோதும் இதேதான் நடந்தது. பலகையாகவும் சட்டமாகவும் ஆகியிருக்க வேண்டிய மரம் கிடந்த இடத்திலேயே மட்கியது, அல்லது அடுப்புக்குப் போனது.

காரணம் எடை. 2 அடி குறுக்களவும் 10 அடி நீளமும் உள்ள பச்சை மரத் துண்டு ஏறக்குறைய 900 கிலோ இருக்கும். அதைச் சந்துக்குள்ளிருந்து வெளியே எடுக்க கிரேன் வேண்டும், மரவாடிக்குக் கொண்டுபோக லாரி வேண்டும். ஒற்றை மரத்துக்கு அந்தச் செலவு கட்டாது. மரம் மில்லுக்குப் போக முடியாவிட்டால் மில் மரத்திடம் வரட்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் நகரும் சா மில். அதை வெல்டிங் பட்டறையிலேயே கட்டிவிட முடியும். கட்டியது நேராக அறுக்குமா என்பதுதான் இந்த விமர்சனத்தின் கேள்வி.

மூன்று வழிகள்

மின்சாரம் வருவதற்கு முன்பு குழி தோண்டியோ சாரம் கட்டியோ மரத்தை உயர்த்தி வைத்து, மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று பெருவாள் இழுத்தார்கள். கீழே நின்றவர் கண்ணெல்லாம் மரத்தூள். அந்த அறுப்பும் மரம் கிடந்த இடத்தில்தான் நடந்தது. நகரும் மில் அதே முறைக்கு என்ஜின் பூட்டுகிறது.

இன்று இதற்கு மூன்று வகைக் கருவிகள் உள்ளன. முதலாவது, செயின் சாவின் பட்டையில் மாட்டும் சட்டம். அலாஸ்கன் மில் என்று உலகமெங்கும் அறியப்படுவது இதுதான். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டாவது, தண்டவாளத்தில் நகரும் வட்ட ரம்பம். ஆஸ்திரேலியாவில் ரெக்ஸ் லூகாஸ் 1994-ல் தொடங்கிய லூகாஸ் மில் நிறுவனத்தின் இயந்திரத்தில் ரம்பம் படுக்கையாகவும் நிமிர்ந்தும் திரும்பும். அறுக்க வேண்டிய மரத்தைப் புரட்டவே தேவையில்லை. மூன்றாவது பேண்ட் சா மில். இரண்டு சக்கரங்களில் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை மரத்தைச் சீவிக்கொண்டே போகும். 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் இந்த வகையைப் பரவலாக்கியது.

வீட்டில் கட்டுபவர்கள் பெரும்பாலும் நாடுவது மூன்றாவதை. மினசோட்டாவில் வாழும் மரவேலைக் கலைஞர் மேத்யூ கிரெமோனா, 5 அடிக்கும் அதிக அகலமுள்ள மரங்களை அறுக்கும் பேண்ட் சா மில்லைத் தன் கையாலேயே கட்டினார். கட்டிய விதத்தைக் காணொலிகளாகவும் வெளியிட்டார். கொல்லை மரத்துக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். 2 அடி மரத்தைத் தாங்கினால் போதும்.

செயின் சா மலிவுதானே என்று தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. செயின் ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 3/8 அங்குல மரத்தைத் தூளாக்கும். பேண்ட் சா தின்பது 2 மில்லிமீட்டர் அளவுதான். 12 அங்குலச் சதுரக் கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்தால் செயின் சாவில் 9 பலகை, பேண்ட் சாவில் 11 பலகை. இரண்டு பலகை வித்தியாசம்.

பட்டறையில்

மில்லின் அடித்தளம் தண்டவாளம். இரண்டு நீண்ட இரும்புச் சேனல்கள், அவற்றின் மேல் கூரையைப் போல் கவிழ்த்து வைத்த ஆங்கிள். அதில் வண்டியின் நான்கு பள்ளச் சக்கரங்கள் உருளும். தண்டவாளம் வளைந்தால் பலகையும் வளையும் என்பதால் முதல் நாள் முழுவதும் மட்டம் பார்க்கவே சரியாக இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இதற்கு நன்றாக உதவும். ரசமட்டம் அந்தந்த இடத்தின் சாய்வை மட்டும் காட்டும். டியூப் 16 அடி தள்ளியிருக்கும் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டுக் காட்டும்.

வண்டியின் மேல் இரண்டு சக்கரங்கள். 19 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் பிளேடு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5000 அடி ஓடும். அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். 13 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின் இந்த வேகத்தைத் தாங்கும். பம்ப்செட் டீசல் என்ஜினும் ஓட்டும், ஆனால் எடை கூடி மில் நகர மறுக்கும். சக்கரத்தின் விளிம்புப் பள்ளத்தில் ஒரு வி-பெல்ட்டைப் பொருத்தி அதன் மேல்தான் பிளேடை ஓட்ட வேண்டும். வெறும் இரும்பில் ஓடினால், இருபுறமும் விரித்துவிட்ட பல் நசுங்கும்.

ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் எம்20 திருகுத் தண்டுகள் போதும். இந்தத் தண்டின் ஒரு சுற்று 2.5 மில்லிமீட்டர், பத்துச் சுற்றுக்கு 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு மிக நெருக்கம். இரண்டு தண்டுகளையும் பழைய சைக்கிள் பல்சக்கரமும் செயினும் கொண்டு இணைத்துவிட்டால் ஒரு கைப்பிடியைச் சுற்றும்போது இரண்டு பக்கமும் சமமாக ஏறும். விலை குறைவு, பழுதானால் மாற்றுவது எளிது, பயன்பாடு அபாரம். இந்த மில்லில் முழு மதிப்பெண் பெறும் பாகம் இதுதான்.

கஷ்டமான பாகம், பிளேடை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு. நெசவுத் தெருவில் இதை விளக்க வேண்டியதில்லை. பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் புடவை காட்டிக்கொடுத்துவிடும். பிளேடும் அப்படித்தான். இழுவை குறைந்தால் அது மரத்துக்குள் வழி தேடி அலையும். பலகையின் முகம் அலை அலையாக வெளியே வரும். அதனால் ஒரு சக்கரத்தைத் திருகினால் வெளியே தள்ளும்படியும், கொஞ்சம் சாய்க்க முடியும்படியும் வைக்க வேண்டும். தள்ளுவது இழுவைக்கு, சாய்ப்பது பிளேடு சக்கரத்தில் சரியான இடத்தில் ஓடுவதற்கு.

முதல் ஓட்டம்

முதல் முறை என்ஜினைத் தொடவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே பிளேடு முன்னுக்கோ பின்னுக்கோ நழுவுவது தெரியும். சாய்வைத் திருத்தி மறுபடி சுற்ற வேண்டும். பிளேடு ஒரே இடத்தில் நிலைத்த பிறகு, மூடிகளையெல்லாம் பூட்டிவிட்டு, பிளேடு ஓடும் நேர்கோட்டிலிருந்து எல்லாரும் விலகி நின்று, சில விநாடிகள் மட்டும் என்ஜினில் ஓட்டிப் பார்க்கலாம். அறுந்த பிளேடு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. காது அடைப்பானும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் அருகே நிற்கக் கூடாது.

அடுத்தது வழிகாட்டி உருளைகள். இவை மரத்தின் இரண்டு பக்கமும் நின்று பிளேடை 6 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே அழுத்திப் பிடிக்கும். வெறுமனே ஓடும்போது பிளேடின் முதுகு உருளையின் விளிம்பைத் தொடக் கூடாது. தொட்டால் சூடேறி வெடிப்பு விழும். மேலே ஒரு பழைய கேன், அதிலிருந்து பிளேடில் சொட்டும் சோப்புத் தண்ணீர். பிசின் ஒட்டாமலிருக்க அது போதும்.

முதல் மரமாகப் புளியை வைப்பது தவறு. முக்கால் அடி குறுக்களவுள்ள மாமரமோ முருங்கை போன்ற மென்மரமோ போதும். வண்டியை மெல்லத் தள்ளும்போது என்ஜினின் சத்தமே பாடம் சொல்லும். குரல் தாழ்ந்தால் தள்ளுவது வேகம். சத்தம் மாறாமல் தூள் மட்டும் மாவாக விழுந்தால் தள்ளுவது மெதுவாகிவிட்டது. பட்டையோடு கூடிய முதல் சீவல் விழுந்ததும் மரத்தைப் புரட்டி, நாலு பக்கமும் சதுரமாக்கி, பிறகு பலகை எடுக்க வேண்டும். பலகையின் இரண்டு முனையிலும் நடுவிலும் கனத்தை அளந்து பார்ப்பதுதான் தேர்வு. வீட்டில் கட்டிய மில் முதல் நாளிலேயே தேறுவது அரிது. தண்டவாளத்தையும் உருளையையும் இரண்டு மூன்று முறை திருத்திய பிறகு நேரான பலகை வரும்.

கொல்லை மரத்தின் குணம்

கொல்லை மரத்தின் பெரிய ஆபத்து ஆணி. விளம்பரத் தட்டி, துணிக்கொடி, ஆட்டுக் கயிறு, திருவிழாச் சீரியல் பல்பு என்று எதற்கெல்லாமோ அடித்த ஆணிகளை மரம் விழுங்கி வளர்ந்திருக்கும். ஓர் ஆணி பட்டால் ஒரு பிளேடின் பல் போச்சு. கையடக்க உலோகம் காட்டும் கருவி ஒன்று வாங்கிவிட்டால் அந்தச் செலவு விரைவில் திரும்பிவிடும்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. அதன் வலு வெளிப்புறத்தில்; நடுப்பகுதி மென்மை. ஆகவே சுற்றிலும் சட்டமாக எடுத்து நடுவைத் தள்ளிவிட வேண்டும். கேரளத்திலும் இலங்கையிலும் அப்படி எடுத்த சட்டங்கள் கூரை தாங்குகின்றன. கஜா சாய்த்த தோப்புகளுக்கு இடையில் இப்படி நகரும் மில்கள் சில சுற்றியிருந்தால், இடிந்த வீடுகளுக்கு அந்த மரமே கூரைச் சட்டம் ஆகியிருக்கும்.

அறுத்தால் வேலை பாதிதான். பச்சைப் பலகையை வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். நிழலில், ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை இடையிடையே வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, முனைகளுக்குப் பெயின்ட் அடித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாமரத்திலும் வாகையின் வெள்ளைப் பகுதியிலும் வண்டு துளைக்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் அதைத் தடுக்கும். அறுக்க நேரமில்லாத மரத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்துப் பாதுகாக்கலாம். நீருக்கடியில் காற்று குறைவதால் பூஞ்சை வளராது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத் திருமேனியை வைத்து, 40 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2019-ல் வெளியே எடுத்த ஊருக்கு இது புதிய செய்தி அல்ல.

வாங்கலாமா, கட்டலாமா?

தொடங்கும் முன் வன அலுவலகத்துக்குப் போக வேண்டும். கோதவர்மன் வன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு நாடெங்கும் மர அறுவை ஆலைகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2016-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. சக்கரம் வைத்த மில் என்பதால் விலக்கு உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. சொந்த மரத்துக்கா கூலி அறுப்புக்கா என்பதைத் தெளிவாக எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தனம் தனி விதிகளுக்கு உட்பட்டது. அதைத் தொடவே கூடாது.

ஆண்டுக்கு ஒரு மரம் அறுப்பவருக்கு இந்த மில் வேண்டாம்; அலாஸ்கன் சட்டமும், நீளவாக்கில் அறுப்பதற்கென்றே தீட்டிய செயினும் போதும். நாள்தோறும் கூலிக்கு அறுப்பவர் நிறுவனத் தயாரிப்பை வாங்குவதே சரி. உதிரிப்பாகம் கிடைக்கும், அளவும் நிலைக்கும். வீட்டில் கட்டுவது பொருந்துவது இந்த இருவருக்கும் இடையில் இருப்பவர்களுக்கு: லேத் பட்டறை பக்கத்தில் இருக்கும் தச்சர், தோப்பு வைத்திருக்கும் விவசாயி, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மில்லை ஊருக்குப் பொதுவாக வைக்க நினைப்பவர்கள். திருப்பருத்திக்குன்றம் போன்ற ஊருக்கு இந்த மூன்றாவது ஏற்பாடுதான் மிகவும் பொருந்தும். தறிக்கும் சட்டம் வேண்டும், வீட்டுக் கதவுக்கும் பலகை வேண்டும், அதற்கான மரம் அடுத்த தெருவிலேயே சாய்கிறது.

கட்டிய மில்லின் முதல் பலகையை விற்றுவிட வேண்டாம். அறுத்த தேதி, மரத்தின் பெயர், இரண்டு முனையிலும் அளந்த கனம் ஆகிய மூன்றையும் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். அடுத்த திருத்தத்துக்குப் பிறகு வரும் பலகையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் மில் எங்கே முன்னேறியது, உருளையில் இன்னும் எவ்வளவு திருக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.