கைகளின் பலன்

திருப்பூரில் ஒரு திருமண ஆராதனைக்குப் போயிருந்தேன். மணப்பெண்ணும் அவள் தோழிகளும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்கள். போதகர் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு 'குணசாலியான ஸ்திரீ' பற்றிப் பேசினார். பொறுமை, அடக்கம், கீழ்ப்படிதல் என்று பிரசங்கம் நீண்டது. வீட்டுக்கு வந்ததும் 10 முதல் 31 வரையான வசனங்களைப் படித்துப் பார்த்தேன். அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இருப்பவை ஆட்டுமயிர், சணல், கதிர், இரவிலும் அணையாத விளக்கு, அவளே விசாரித்து வாங்கிய வயல், அவள் செய்து விற்ற துணி. புறநானூற்றின் 326ஆம் பாடலில் நள்ளிரவில் எழுந்து சிறு விளக்கொளியில் வேலை பார்க்கும் பருத்திப் பெண்டுக்கும், நைட் ஷிப்ட் முடித்து வரும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் இவள் சொந்தக்காரி.

இவள் எப்படி அடக்கத்தின் உருவமானாள்? மொழிபெயர்ப்பிலேயே அது தொடங்கிவிடுகிறது. எபிரேய மூலத்தில் இவள் 'ஹயில்' உடைய பெண். வலிமை, வீரம், செல்வம், படை என்றெல்லாம் பொருள் தரும் சொல் அது. சீர்திருத்தச் சபைகள் வழிவழியாகப் படித்துவரும் பழைய தமிழ் வேதாகமத்தில், இதே சொல் கிதியோனுக்கு வரும்போது அவன் 'பராக்கிரமசாலி'. போவாசுக்கு வரும்போது அவன் 'ஆஸ்திக்காரன்'. ரூத்துக்கும் இவளுக்கும் வரும்போது மட்டும் 'குணசாலி'. ஆணுக்கு வீரமும் சொத்தும். பெண்ணுக்கு நன்னடத்தைச் சான்றிதழ். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திறமை வாய்ந்த' என்று சொல்லை மாற்றியது நல்ல திருத்தம்.

ஆனால் கத்தோலிக்க வழிபாட்டில் வேறொரு கத்தரி. பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை, இப்பகுதி வாசிக்கப்படுகிறது. வாசகத்தில் 10 முதல் 13, 19, 20, 30, 31 ஆகிய வசனங்கள் மட்டுமே உண்டு. நூற்பு இருக்கிறது, வயல் வாங்கியது, துணி விற்றது, அவள் வாயிலிருந்து வந்த ஞானம் எல்லாம் போய்விட்டன. அதே ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தியோ தாலந்து உவமை. தலைவன் தந்த பணத்தை வாணிகத்தில் பெருக்கிய ஊழியர்கள் அதில் பாராட்டப்படுகிறார்கள். ஆண் ஈட்டிய லாபத்தைக் கேட்கும் அதே காது, பெண் ஈட்டியதைக் கேட்க வேண்டாமா?

இன்னும் பழைய வாசிப்பு ஒன்று உண்டு. புனித அகுஸ்தினார் தம் பிரசங்கம் ஒன்றில் இவளைத் திருச்சபையாகவே கண்டார். பெருமைதான். உருவகமான பெண்ணுக்குக் கை வலிக்காது, கூலி பாக்கி இராது.

இன்றைய பெண்கள் கூட்டங்கள் சிலவற்றில் இவளைத் தொழில்முனைவராகக் கொண்டாடுவதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். 15ஆம் வசனத்தில் இவளுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள். இருட்டோடு எழுந்து அவர்களுக்கும் இவள் படியளக்கிறாள். அவர்களும் இருட்டோடு எழுந்திருப்பார்கள்தானே? முதலாளியம்மாவை மட்டும் பார்க்கிற வாசிப்பு, செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணை மறுபடியும் விட்டுவிடுகிறது.

எல்லா மரபுகளும் வைத்துக்கொண்டு, எல்லா மரபுகளும் வேகமாகக் கடந்துபோவது கடைசி வசனத்தை. 22 வசனங்களில் கட்டளை வருவது அங்கே மட்டும்தான். அது அவளுக்கு இடப்பட்டதல்ல, மற்றவர்களுக்கு. அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடும் வாசலில் அவள் வேலை அவளைப் புகழட்டும் என்கிறது. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இளம்பெண்களின் உழைப்புக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் வெளியேறிய எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை. கூலிக்குத் தாலியின் பெயர் வைத்தால் அதைக் கேட்பதே அடக்கமின்மை ஆகிவிடுகிறது. 'குணசாலி' என்ற சொல் செய்ததும் அதுதான்.

திருமணங்களில் இந்த அதிகாரத்தைத் தாராளமாக வாசிக்கட்டும். கடைசி வசனம் வரும்போது மட்டும் மணமகளைப் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளையையும், இரு வீட்டாரையும், சாட்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி முதலாளியையும் பார்த்து வாசிக்கட்டும்.