ஹபீப் மூஸா: வீட்டு மொழியில் ஒரு பாட்டு

ஒரு பாடகரைப் பற்றி எழுத அவருடைய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்சிக்காரன் நான். அக்கட்சியிலிருந்து சற்று விலகியே இதை எழுதுகிறேன். ஹபீப் மூஸா பாடும் தூரோயோ மொழியில் எனக்குப் பத்துச் சொற்களும் தெரியா. சுவீடனில் வதியும் நண்பர் ஒருவர் பதிந்து தந்த அவரது பாடல்களைச் சில வருடங்களாகக் கேட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

தூரோயோ, தென்கிழக்குத் துருக்கியிலுள்ள தூர் அப்தீன் மலைநாட்டுக் கிறிஸ்தவர்களின் பேச்சுமொழி. அதன் கிட்டிய உறவினளான செம்மொழியை நாம் 'சுர்யானி' என்ற பெயரில் அறிவோம். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க அறிவை அறபுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அந்தச் சுர்யானி வழியாகத்தான். எழுத்தும் வழிபாடும் புலமையும் செம்மொழிக்கு; அடுப்படியும் வயலும் ஏச்சும் தாலாட்டும் தூரோயோவுக்கு. பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று தள்ளிவைத்த காலத்தை அறிந்த எம்மவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1915 இன் படுகொலைகளை அம்மக்கள் 'சைஃபோ', அதாவது வாள், என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பர். அதில் தப்பியவர்களிற் பலர் எல்லை தாண்டிச் சிரியாவுக்குள் வந்தனர். 1920களில் அங்கு முளைத்த கமிஷ்லி நகரம் பெரிதும் இவ்வகதிகளால் வளர்ந்தது. எல்லைக்கு அப்பால், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பது பழைய நிஸிபிஸ். நான்காம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் எஃப்ரேமின் ஊர் அது. 363 இல் நகரம் பாரசீகர் வசமானபோது அவரும் அகதியாகி எடெஸ்ஸாவுக்குப் போனார்.

கமிஷ்லியிலிருந்து எழுந்த குரல்தான் மூஸா. அவருக்கு முன்னரே கப்ரியேல் அஸ்ஸாத் என்ற மூத்த இசைஞர் சுர்யானியில் தேசியப் பாடல்களை இயற்றியிருந்தார். அவை மதிக்கப்பட்டன; மேடையிலும் பாடசாலையிலும் பாடப்பட்டன. ஆனால் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டிய பாடல்கள் அவை. 1968 இல் வந்த 'ஷாமோ மர்' வேறு ஜாதி. தூரோயோவில் அமைந்த நவீனப் பாடல்களுள் முதலாவதாகப் பலரும் கொள்வது இதனையே. இளைஞர் ஒருவர் தாய் பேசும் மொழியிலேயே பாட, அதற்குக் கூச்சப்படத் தேவையில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது. அவரைத் 'தந்தை' என்றெல்லாம் புகழ்வோர் இந்த ஒன்றைச் சொல்வதேயில்லை என்பது எனது குறை.

அவரது குரலில் எனக்குப் பிடித்தது அதன் அவசரமின்மை. துயரத்தைப் பிழிந்து காட்டுவதில்லை. ஒரு சொல்லின் கடைசி உயிரில் சற்றுத் தங்கி, பின் விட்டுவிடுகிறார். பிற்கால ஒலிப்பதிவுகளில் இயந்திரத் தாளம் புகுந்து இந்தத் தங்கலைத் தின்றுவிடுகிறது. இனப் பெருமை பேசும் பாடல்களைவிடக் காதலையும் ஊரையும் பாடுபவையே எனக்கு மேலாகப் படுகின்றன. முன்னையவற்றில் கூட்டம் கேட்கிறது, ஆள் கேட்கவில்லை.

1967 இல் லெபனானிலிருந்து இருநூறு சொச்சம் நாடற்றோரைச் சுவீடன் அழைத்தது. பின்வந்தவர்களும் சேர, சோதர்தெலியா நகரம் அச்சமூகத்தின் தலைநகர் போலாயிற்று. மூஸாவும் சுவீடனையே வாழிடமாக்கிக் கொண்டார். அங்கே 'அஸிரியர்' என்போரும் 'சுர்யானியர்' என்போருமாய் ஒரே மக்கள் பெயருக்காகப் பிரிந்து, ஆளுக்கொரு உதைபந்தாட்டக் கழகமும் வைத்துக்கொண்டனர். தூரோயோவை லத்தீன் எழுத்தில் எழுதி வகுப்பறையில் கற்பிக்க 1980களில் எடுத்த முயற்சியும் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பைக் கண்டது. எழுத்துக்கு இத்தனை வழக்கு, பாட்டுக்கு வழக்கில்லை. இரு சாராரின் திருமணங்களிலும் மூஸாவின் பாடல்களைக் கேட்கலாம் என்கிறார் நண்பர்.

அப்படியொரு திருமணத்துக்கு நானும் போயிருந்தேன். கீபோர்ட் வாசித்தபடி ஓர் இளைஞன் மூஸாவின் பாட்டொன்றைப் பாட, நூறு பேருக்கு மேல் கைகோத்து வரிசையாய் ஆடினர். எமது மேசையில் இருந்த யுவதியோ ஓரடியும் பிசகாமல் கூடவே பாடினாள். பல்லவியில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன். சிரித்துக்கொண்டு தாயிடம் திரும்பினாள். தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ விளக்கினார். என்ன சொல்கிறார் என்று நண்பரைப் பார்த்தேன்.

"சுவீடிஷில் சொல்லுறா," என்றார் அவர்.