போயிட்டு வாரேன்: சொல்லுக்குச் சொல் ஆங்கிலம்

பாக் நீரிணைக் கரையோர மணமேல்குடியின் பேருந்து நிறுத்தத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லமாட்டார். 'போயிட்டு வாரேன்' என்பார். அதையே சிங்கப்பூரில் வேலை முடிந்து புறப்படும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால், எப்போது திரும்புவாய் என்று மேலாளர் கேட்பார். நம் அன்றாட ஆங்கிலம் பெரிதும் இப்படித்தான், சொல்லின் நேர்ப்பொருளை நம்பி ஓடுகிறது. அது தாங்கும் இடமும் உண்டு, முறியும் இடமும் உண்டு.

தாங்கும் இடம் வேலைத்தளம். தமிழரும் வங்காளியும் சீனரும் சேர்ந்து நிற்கும் சாரத்தில் ஆங்கிலேயரின் மரபுத்தொடர் யாருக்கும் உதவாது. 'ரோப் கட், ஸ்டாப்' என்பது உயிர் காக்கும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கப்பல் தொடர்புச் சொற்றொடர்களும் இந்த வழியையே விதியாக்கின. 'மே', 'குட்', 'ஷுட்' போன்ற இரட்டுறும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கின்றன. 150 என்பதை 'ஒன், ஃபைவ், ஸீரோ' என்று தனித்தனி இலக்கமாகச் சொல்லவேண்டும். பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவருக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் நேர்ப்பொருள் மட்டும் போதுமா? 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானத்தின் ஊழியர்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். சொன்னது உண்மை. 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை. 73 பேர் இறந்தனர். நிலைமையைச் சொன்னார்கள், கேட்பவர் என்ன செய்யவேண்டும் என்பது அதில் இல்லை.

இன்னொரு குறை நம்மிடமே இருக்கிறது. நேர்ப்பொருள் என்று நாம் நினைப்பது பல நேரம் தமிழ் வழக்கு. தகுதி வழக்கில் மங்கலம் (மங்கலமற்றதை மங்கலமாகச் சொல்வது), இடக்கரடக்கல் (சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது) என்று இலக்கண நூலான நன்னூல் வகுத்தது சும்மா அல்ல. விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்போரின் மொழி இது. 'போயிட்டு வாரேன்' மங்கலம். 'பார்க்கலாம்' என்பது பல சமயம் நோகாமல் சொன்ன 'முடியாது'. அதை 'வி வில் சீ' என்று பெயர்த்தால், எதிரில் இருப்பவர் நம்பிக்கையோடு காத்திருப்பார். சொல் கரை சேர்ந்தது, பொருள் சேரவில்லை.

ஆகவே சொல்லைப் பெயர்க்குமுன் அதன் வேலையைப் பார்ப்பதே முறை. 'பார்க்கலாம்' என்பதைப் பணிவான 'நோ' ஆக்கலாம். 'போயிட்டு வாரேன்' என்பதற்கு மட்டும் 'பை' ஈடாகாது. அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறலாம்.