வேர்முடிச்சின் சிவப்பை ரசிப்பது எப்படி?

மலேசியாவின் சிலிம் ரிவர் பக்கம் பால்மரம் நின்ற தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் இளங்கன்றுகளுக்கு நடுவே தரையை மூட வளர்க்கும் பயறினக் கொடிகள் போகவில்லை: புவேரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா. கொடி கிடைக்காவிட்டால் சாலையோரத் தொட்டாற்சுருங்கி போதும். செடியைப் பிடுங்காதீர்கள்; முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, முடிச்சு ஒன்றைப் பிளேடால் வெட்டி உடனே பாருங்கள். உயிர்ப்புள்ள முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறமி ஹீமோகுளோபின் இனத்தைச் சேர்ந்தது என்று ஜப்பானிய அறிஞர் குபோ 1939இல் காட்டினார். பெயர் லெக்ஹீமோகுளோபின். நடுவே இரும்பணு தாங்கிய ஹீம் வளையம் நம் ரத்தத்தில் இருக்கும் அதேதான்.

செடிக்கும் ரத்தம் உண்டா என்று வியந்து நின்றுவிடுவது இந்தச் சிவப்புக்குச் செய்யும் குறைவான மரியாதை. ஒரே ஹீம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வதுதான் ரசிக்க வேண்டியது. முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவில் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியான நைட்ரோஜினேஸ் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதே பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். ஆகவே லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனை, அதே ஹீமைத் தாங்கிய தசைப் புரதமான மயோகுளோபினைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்து, உலவவிடாமல் கைமாற்றுகிறது. இரண்டிலும் இரும்பின் கீழே ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஒன்று, மேலே இன்னொரு ஹிஸ்டிடின். மயோகுளோபினில் மேலுள்ளதை நீக்கினால் ஆக்சிஜன் பிடிப்பு சுமார் நூறு மடங்கு தளரும். சோயா லெக்ஹீமோகுளோபினில் அதை நீக்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அங்கே பலம் கீழிருந்து வருகிறது: கீழ் ஹிஸ்டிடின் திரும்பியிருக்கும் கோணம் இரும்பை வளையத்தின் தளத்துக்கு எளிதாக வரவிடுகிறது. மேலே டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமும் இருந்து, அங்குள்ள ஹிஸ்டிடினைத் தன்பக்கம் இழுத்து, ஆக்சிஜனை அது விடாப்பிடியாகப் பற்றாதபடி பார்த்துக்கொள்கிறது. பிடிப்பதோடு விடவும் தெரிய வேண்டுமே!

வேலை செய்வது இரும்பு, புரதம் வெறும் உறை என்று சொல்லலாம். ஆனால் தண்ணீரில் தனியே விட்ட ஹீம் ஆக்சிஜனைச் சுமக்காது. இரண்டு ஹீம்கள் ஓர் ஆக்சிஜனை நடுவில் வைத்துக்கொள்ள, இரும்பு ஆக்சிஜனேறிப் பயனற்றுப் போகும். 1970களில் ஜேம்ஸ் கால்மன் புரதமே இல்லாமல், வேலி கட்டிய போர்பிரின் (ஹீம் போன்ற இரும்பு வளையம்) ஒன்றை ஆக்சிஜனைப் பிடித்து விடவைத்தாரே என்றால், அதுவே என் பக்கத்துச் சாட்சி. வேலி இல்லாதபோது அது நடக்கவில்லை. அவர் கட்டியது புரதத்தின் பையைத்தான். மனித ஹீமோகுளோபினிலும் இதே கதை: ஹீமோகுளோபின் எம் என்னும் பிறழ்வின் சில வகைகளில் ஹிஸ்டிடின் இருந்த இடத்தில் டைரோசின் வந்துவிடுகிறது. அதன் எதிர்மின் ஆக்சிஜன் இரும்பை மூன்று மின்னேற்ற நிலையில் நிறுத்துவதால் ரத்தம் பழுப்பாகிறது. வினையூக்கியான கேட்டலேஸிலோ டைரோசின்தான் இரும்பைத் தாங்குகிறது. அங்கே அது குறையல்ல, தேவை.

வெட்டிய முடிச்சைச் சற்று நேரம் காற்றில் விடுங்கள், இரும்பு ஆக்சிஜனேறிச் சிவப்பு பழுப்பாகும். அடுத்து காய் முற்றிய செடியின் முடிச்சை வெட்டுங்கள். பச்சை தெரிந்தால், அங்கே இரும்பின் நிலை மட்டுமல்ல, ஹீம் வளையமே மாறிவிட்டது.