மூன்று சாட்சியில் இரண்டு ஒரே வீடு

ஆழ்கடல் சேற்றை வைத்தே பனியுகத்துக் கடலில் பிளாங்க்டன் விளைச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று முதலில் படித்தபோது வாய் பிளந்தவன் நான். இப்போது சின்னதாக ஒரு சந்தேகம்.

கணக்கு இதுதாங்க. கடல்நீரில் யுரேனியம் எங்கே மொண்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அது சிதைந்து தோரியம்-230, புரோட்டாக்டினியம்-231 இரண்டும் பிறக்கும். பிறக்கும்போது அவற்றின் கதிரியக்க விகிதம் 0.093. மேலிருந்து விழும் துகள்களில் தோரியம் சட்டென ஒட்டி, சில பத்தாண்டுகளில் அடியில் படிந்துவிடும். புரோட்டாக்டினியம் நூறு, இருநூறு வருஷம் நீரிலேயே சுத்தும்; துகள் அதிகம் விழும் இடத்தில்தான் போய்ப் படியும். ஆக, விகிதம் கூடினால் விளைச்சல் கூடியிருக்கிறது. 1995-ல் குமாரும் சகாக்களும் நேச்சர் இதழில் தென்பெருங்கடலை இப்படித்தான் படித்தார்கள்.

2004-ல் அதே நேச்சரில் மெக்மானஸ் குழு, பெர்முடா அருகே எடுத்த வண்டலில் அதே விகிதம் சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் 0.093-ஐ நெருங்கியதைக் காட்டியது. ஆனால் இவர்கள் சொன்ன காரணம் வேறு: புரோட்டாக்டினியத்தைத் தெற்கே அள்ளிக்கொண்டு போகும் அட்லாண்டிக் ஆழ்நீரோட்டம் ஏறக்குறைய நின்னு போச்சு.

அங்கே ஏறினால் விளைச்சல், இங்கே ஏறினால் நீரோட்டமா? 2008-ல் கீக்வினும் பாயிலும் இதைக் கிளறினார்கள்: டயட்டம் பெருகியதாலும் ஏறியிருக்கலாமே? டயட்டம் ஓடு ஓபல் என்கிற சிலிக்கா. புரோட்டாக்டினியத்துக்கு அதன்மேல் தனிப் பாசம்.

இது தென்பெருங்கடலையும் தொடுகிறது என்பதுதான் என் குறை. மொத்த விளைச்சல் கூடாமல், மற்ற பிளாங்க்டன் இருந்த இடத்தில் டயட்டம் வந்தாலே விகிதம் ஏறும். நியாயமாகச் சொன்னால், குமார் குழு அந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை; பெரிலியம்-10-ஐயும் வண்டலில் சேர்ந்த யுரேனியத்தையும் பார்த்தார்கள். ஆனால் பெரிலியமும் ஓபலில் விரும்பி ஒட்டுவதை 2002-ல் சேஸ் குழு காட்டியது. மிச்சம் யுரேனியம். அது ஆக்சிஜன் குறைந்த சேற்றில் படிவது. ஆழ்நீரிலேயே ஆக்சிஜன் குறைந்தாலும் படியும்.

அதனால் முறையையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. தோரியத்தை அளவுகோலாக வைத்து ஓபல் எவ்வளவு விழுந்தது என்று தனியாகக் கணக்கிட முடிகிறது. இப்போதெல்லாம் இந்த விகிதம் வரைந்த படம் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஓபல் கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். இல்லைன்னா ஓரத்தில் பென்சிலால் 'டயட்டம்?' என்று எழுதி வைக்கிறேன்.