வல்லினமும் வாய்த்தாளமும்

நம் திறனாய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் கருத்து ஒன்றுண்டு. வல்லின எழுத்துகள் மிகுந்திருத்தலால் பாடலில் வீரச்சுவை ததும்புகின்றது என்பதே அது. மாணவரும் தேர்வுத்தாளில் அதனையே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். பல்லாண்டு அதனைக் கற்பித்தவருள் யானும் ஒருவன். எனினும், அது செவியால் கேட்டுக் கண்ட முடிபா, கண்ணால் எண்ணிக் கண்ட முடிபா என வினவுதல் நம் கடமையாகும்.

வல்லெழுத்து எவ்வாறு பிறக்கின்றது? நாவோ இதழோ காற்றின் வழியை முற்றும் அடைக்கின்றது. உள்ளே அழுத்தம் பெருகுகின்றது. அடைப்புத் திறந்ததும் காற்று வெடித்து வெளிப்படுகின்றது. அவ்வெடிப்பு ஏறத்தாழ 10 மில்லி விநாடியே நிற்கும். அதற்கு முன்னுள்ள அடைப்போ அதனினும் பன்மடங்கு நீளும். பத்து என்னும் சொல்லின் இடையில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒலியன்று, ஒலியின்மையே. ஒற்றுக்கு இலக்கணம் வகுத்த அரை மாத்திரை இங்கு ஒரு மௌனத்தின் அளவாகவே அமைகின்றது.

இனி, பத்து, பந்து, பாதை என்னும் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. எழுத்து ஒன்றே; ஒலி மூன்று. முதலதில் குரல் முற்றும் அடங்குகின்றது. இரண்டாவதில் மூக்கொலியோடு தொடங்கிய குரல் அறாது தொடர்கின்றது. மூன்றாவதில் அடைப்பே தளர்ந்துவிடுகின்றது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்னும் அறிஞர் இருவர், மொழிமுதல் வெடிப்புக்கும் குரல் அதிர்வுக்கும் உள்ள கால இடைவெளியைப் பதினொரு மொழிகளில் அளந்து 1964இல் வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் ஒன்று. வல்லொலிகளைப் பிரித்தறியக் காலக் கணக்கே துணை என்பதை அவ்வாய்வு விளக்கிற்று. ஆகவே, ஏட்டில் உள்ள தகரங்களை எண்ணிச் சுவை கூறுதல் பொருந்தாது.

தொல்காப்பியரே வல்லெழுத்து மிகுவதை வல்லிசை வண்ணம் என்றாரே எனின், நன்று. அவர் அதற்கு இட்ட பெயரில் இசை என்னும் சொல் நிற்பதை நோக்குக. எழுத்து கருவி, இசை அதன் பயன். பின்வந்த வண்ணப் புலவரும் தத்த, தந்த, தன்ன, தய்ய எனச் சந்தங்களை வேறு வேறாகவே வகுத்தனர். தத்த என்பதும் தந்த என்பதும் மாத்திரையால் ஒத்தவையாயினும், ஒன்று நின்றிடத்து மற்றொன்றை அவர் ஏற்றிலர். திருப்புகழைத் திறனாய்வோர் முதலில் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே.

இவ்வுண்மையைக் கொன்னக்கோல் இன்னும் தெளிவாகக் காட்டும். மிருதங்கப் பயிற்சியின் தொடக்கச் சொற்கள் த, தி, தொம், நம் என்பன. மூடி அடிக்கும் அடிக்கு வல்லொலியில் தொடங்கிக் குற்றுயிரில் முடியும் சொல். அதிர்ந்து நீளும் அடிக்கு மகர ஒற்றில் முடியும் சொல். வல்லினம் அடியின் தாக்கத்தையும் மெல்லினம் அதன் கார்வையையும் காட்டுகின்றன. தகதிமி, தகிட என விரைந்து சொல்லும்போது தகரம் நாநுனியிலும் ககரம் நா அடியிலும் பிறப்பதால், ஒன்று ஓய மற்றொன்று இயங்குகின்றது. தததத என்று அதே விரைவில் சொல்ல முயல்வோர் நாவின் சோர்வை உடனே உணர்வர். பிறப்பியலில் கூறிய இடவேறுபாடு இங்கே தாளமாகின்றது.

இன்றைய இளைஞர் பயிலும் பீட்பாக்ஸ் கலையும் இவ்வழியதே. பெரிய முரசின் ஒலியைக் குரல்வளையை மூடிய பகரத்தால் அவர் எழுப்புகின்றனர். அதனை இகழாது, பாடத்திற்குத் துணையாக்கிக் கொள்ளலாம்.

மலாய்மொழியில் 'செடாப்' என்னும் சொல்லின் இறுதியில் இதழை மூடித் திறவாது நிறுத்த நம் பிள்ளைகள் நன்கு அறிவர். அம்மூடலையே கப்பல் என்னும் சொல்லில் சற்றே நீட்டித் திறக்கச் செய்யலாம். தொண்டையில் விரல் வைத்துப் பத்து, பந்து எனச் சொல்லச் செய்தால், குரல் அடங்குவதும் தொடர்வதும் அவர்கட்கே புலனாகும். அதன்பின் பாடலைப் படிக்கட்டும். செவி அறியாத சுவையைக் கை எழுதுதல் திறனாய்வு ஆகாது.